மூன்று நாள் கொல்லையும் ஒரு ஏக்கரும்

ஓய்வுபெற்ற அதிகாரி அவர்களே, நீங்கள் எழுதியிருப்பது பொய். முப்பத்தோராம் பக்கத்தில் உங்கள் படத்துக்குக் கீழே இரண்டாவது பத்தியில் தொடங்கி, கடைசி வரி வரைக்கும் பொய்.

அவரிடம் கடைசியில் வருகிறேன். இதைப் படிக்கிற உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் கோர்வையாகப் பேசத் தெரியாதவள், கோபம் வந்தால் இன்னும் மோசம். ஆனால் இப்போது கோபத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருக்கிறது. ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறேன். தினமும் வாயில் புழங்குகிற வார்த்தைதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து கடைக்கு வருகிற ஒருவரையும் விடாமல் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும், அது போதும். போன மாதம் ஓய்வுபெற்ற அலுவலர்கள் சிலர் சேர்ந்து ஒரு நினைவு மலர் போட்டார்கள். அச்சகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் கட்டுரை எழுதியவரின் படத்துக்குப் பதிலாக வேறு யாருடைய படத்தையோ போட்டுவிட்டார்கள். சரியான படத்தோடு அந்தப் பக்கத்தை நூற்றைம்பது பிரதி எடுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்று என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் உலகத்திலேயே அந்தப் பக்கத்தை அதிக முறை பார்த்தவள் நான்தான். மெஷின் வாயிலிருந்து சுடச்சுட வந்து விழுந்துகொண்டே இருந்தது. பதினைந்தாவது பிரதியில்தான் கண் எழுத்தின் மேல் போனது.

கட்டுரையின் தலைப்பு, ‘ஏக்கர் தெரியாத காலம்’. அவர் எழுதியது இது: “அக்காலத்தில் நம் மக்களுக்கு அளவு என்றால் என்னவென்றே தெரியாது. மனு கொடுக்க வந்த ஒரு பெண்மணி தன் நிலம் மூன்று நாள் உழவு என்றார். அலுவலகமே சிரித்தது. நான் பொறுமையாக ஏக்கர் என்றால் என்ன என்று விளக்கி, நிலத்தை அளக்கச் செய்து, பட்டாவும் வழங்கினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.”

மெஷினை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்மணி எனக்குத் தெரிந்தவர். அவர் யாரையும் கும்பிடவில்லை. மனுவின் நகலைக் குழல் மாதிரி சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோனர் சூடான வாசனை எனக்குப் பிடிக்காது. மூக்கில் ஏறினால் தும்மல் வரும். அன்றைக்குத் தும்மல் வரவில்லை. பதிலாக மண்ணெண்ணெய் வாசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்குள்ளிருந்துதான் வருகிறது என்று புரிந்துகொண்டேன்.

பத்தொன்பது வயதில் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜாப் டைப்பிங் கடையில் வேலை செய்தேன். தகரக் கூரை, இரண்டு மேசை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், ஒரு இங்கிலீஷ் டைப்ரைட்டர். எழுத்துக் கட்டையில் மசி அடைத்துக்கொண்டால் ‘ம’வும் ‘ழ’வும் ஒரே கறுப்புப் பொட்டாக விழும். பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு கட்டையாகத் தேய்ப்பேன். அந்தக் கையோடுதான் மத்தியானம் களி உருண்டையைத் தொடுவேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் களியில் மண்ணெண்ணெய் மணக்கும். கடை முதலாளி சொல்வார், “உன் வயித்துல தீக்குச்சி ஒரசுனா போதும் பாப்பா, ஊரே பத்திக்கும்.”

எனக்கு அப்போது திமிர் அதிகம். டைப்பிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். வந்து நிற்கிறவர்கள் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு, “அது வந்து பாப்பா, எங்க பங்காளி இன்னா பண்ணிட்டான்னா...” என்று ஆரம்பிப்பார்கள். நான் கையை உயர்த்தி நிறுத்துவேன். “சர்வே நம்பர் சொல்லுங்க. பரப்பு சொல்லுங்க. கத அப்பறம்.” டாக்டர் மாதிரி நினைப்பு. வாயைத் திற, நாக்கை நீட்டு.

மாதம்மாக்கா வந்தது அந்த மாதிரி ஒரு காலையில். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். முப்பது வயது இருக்கும். புருஷன் இறந்து ஒரு வருஷம். புருஷனும் அவருடைய அண்ணனும் கூட்டுப் பட்டாவில் சேர்ந்து வைத்திருந்த நிலம். பாதி பாதியாகப் பிரித்து நடுவில் வரப்பு போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் உழுது வந்திருக்கிறார்கள். தம்பி போன பிறகு அண்ணன் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு சால் உள்ளே தள்ளி ஓட்டினார். கலப்பை கிழித்துப் போகிற கோட்டைத்தான் சால் என்கிறோம். ஒரு சால் என்பது ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை. மாதம்மாக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆள் வந்து அளந்து, கல் நட்டு, தன் பாதியைத் தன் பெயருக்குத் தனிப் பட்டாவாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

“பரப்பு எவ்ளோக்கா?” என்று கேட்டேன்.

“மூணு நாளு ஓட்டற கொல்ல பாப்பா.”

எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம். உழுவதை ஓட்டுவது என்போம். மூன்று நாள் ஓட்டுகிற கொல்லை என்றால், ஒரு சோடி மாடு உழுது முடிக்க மூன்று நாள் ஆகிற நிலம். அந்த நாளும் முழு நாள் அல்ல. விடியலில் பூட்டினால் பொழுது உச்சிக்கு ஏறும் முன்னே அவிழ்த்துவிடுவார்கள். அதற்கு மேல் மாடு நாக்கைத் தள்ளும். மண் கரடாக இருந்தால் அந்த நாளில் உழுகிற நிலம் குறையும், பொதபொதவென்று இருந்தால் கூடும். அதனால் அந்த அளவில் நிலத்தின் அகலம், நீளம் மட்டுமல்ல, மண்ணின் குணமும் சேர்ந்தே வரும். ‘மூணு நாள் கொல்லை’ என்றால் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு விதை வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் எல்லாம் தெரிந்துபோகும்.

எனக்கு அப்போது அது தெரியாது. நான் கடைத்தெருவில் வளர்ந்தவள். மாட்டைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பேன். சுத்தமான வெள்ளைத் தாளில், சீராக அடித்த மனுவில், ‘மூணு நாள் ஓட்டற கொல்லை’ என்று போடுவதா? என் கைக்கு அவமானம். ஒரு ஏர் ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் ஓட்டும் என்று எங்கேயோ யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். நாள் ஒன்றுக்கு ஏக்கர் ஒன்று. மூன்று நாளுக்கு மூன்று. அடித்தேன்: ‘எனக்குப் பாத்தியப்பட்ட மூன்று ஏக்கர் புன்செய் நிலத்தை...’

அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டவும் இல்லை. “எல்லாம் எழுதியாச்சு போங்க” என்றேன்.

விசாரணை நாளன்று நான் வேறு வேலையாக, அடித்த நகல்களைக் கொடுக்க ஆபீஸுக்குள் போயிருந்தேன். உள்ளே அப்போது துணைத் தாசில்தாராக இருந்த இந்த அதிகாரி. மேசைக்கு இந்தப் பக்கம் மாதம்மாக்காவும் அவருடைய மூத்தாரும், அதாவது புருஷனின் அண்ணனும். வராண்டாவில் நாற்பது பேர்.

“என்னம்மா, மூணு ஏக்கர்னு போட்டிருக்க? மொத்த பூமியே மூணே கால் ஏக்கருக்குக் கொறைவு. உன் பங்கு ஒரு ஏக்கர் அறுபது சென்ட். அவர் பங்கையும் சேத்துக் கேக்கறியா?”

மூத்தார் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, “பாருங்க சார், இதத்தான் நான் சொன்னேன். தம்பி செத்த மறுநாளே மொத்தத்தையும் சுருட்டப் பாக்கறா” என்றார்.

மாதம்மாக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார், “நானு ஏக்கருன்னே சொல்லலீங்க சாமி. மூணு நாளு ஓட்டற கொல்லைன்னுதான் சொன்னேன்.”

“நாளா? நாள்னா இருபத்துநாலு மணி நேரமா? உங்க மாடு தூங்காதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. “எந்த மாடு? கெழட்டு மாடா, எளசா? மாடு படுத்துக்கிட்டா உங்க நெலம் பெருசாயிருமா?” வராண்டாவில் ஒருவர் வேட்டியில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். கடைசியில் அதிகாரி மனுவை மேசையில் தட்டிச் சொன்னார்: “பொய் மனு. இன்னொரு தரம் வந்தா கேஸ் போட்டுருவேன். போ.”

நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. ‘சார், அது நான் அடிச்சது’ என்ற நான்கு சொல் போதும். நான் சிரித்தேன். எல்லோரோடும் சேர்ந்து, கையில் நகல்களை வைத்துக்கொண்டு, சிரித்தேன். பயத்தில் சிரித்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் சும்மா. உண்மையிலேயே எனக்கும் சிரிப்பு வந்தது. மாடு படுத்துக்கொண்டால் நிலம் பெரிதாகும் என்பது பத்தொன்பது வயதுக்கு நல்ல வேடிக்கை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுருட்டிய தாளோடு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் ஊரில் அவருக்கு ‘மூணு ஏக்கர்காரி’ என்று பெயர் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அளக்கவும் இல்லை. கல் நடவும் இல்லை. பட்டா கொடுக்கவும் இல்லை.

இப்போது அந்தக் கதையில் பட்டா வந்திருக்கிறது, கும்பிடு வந்திருக்கிறது.

மீதிப் பிரதிகளை எடுத்து முடித்தேன், தொழில் தொழில்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஏக்கர் தெரியாத ஜனங்கள் என்கிறார். ஏக்கர், ஏக்கர் என்று ஆயிரக்கணக்கான மனுக்களில் அடித்த எனக்காவது தெரியுமா? அது என்ன வார்த்தை? யார் வைத்த பெயர்?

மறுநாள் காலையில் சல்மா வந்தாள். பஸ் ஸ்டாண்டில் குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிற பாயின் மகள். தர்மபுரியில் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

“சல்மா, ஏக்கர்னா என்னா?”

“நாலாயிரத்து எண்ணூத்து நாப்பது சதுர கெஜம்க்கா.”

“அது எவ்ளோன்னு. நான் கேக்கறது என்னான்னு. அந்த வார்த்த எங்க பொறந்துச்சு?”

“காலங்காத்தால உங்களுக்கு என்னக்கா ஆச்சு? அதுக்குன்னே ஒரு டிக்‌ஷனரி இருக்கு, எங்க லைப்ரரில. தூக்குனா கை ஒடிஞ்சிரும். வெளிய வேற தர மாட்டாங்க.”

“போட்டோ புடிச்சிக்கிட்டு வா. உன் புராஜெக்ட் பைண்டிங் நான் போட்டுத் தரேன்.”

பெண் இரண்டே நாளில் நான்கு பக்கத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தாள். எழுத்து கடுகு மாதிரி இருந்தது. பெரிய தாளில் பெரிதாக்கி எடுத்து, கடைப் பலகை மேல் விரித்து, நான்கு மூலைக்கும் பசை டப்பாவும் ஸ்டேப்ளரும் வைத்தேன். சல்மா விரல் வைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள்.

“ரொம்பப் பழைய வார்த்தக்கா. இங்கிலீஷ் பொறந்த காலத்துலயே இருந்துருக்கு. அப்போ ‘ஆக்கெர்’ மாதிரி சொல்லியிருக்காங்க. அர்த்தம்... வெறும் வயல். உழற நெலம். அளவே கெடயாது.”

“அளவே கெடயாதா!”

“இருங்க, அப்பறம் வருது. அப்பறம்... ஒரு பூட்டு மாடு ஒரு நாள்ல உழற நெலம்.”

“திருப்பிப் படி.”

“ஒரு பூட்டு மாடு, ஒரே நாள்ல உழற நெலம்.”

“இன்னொரு தரம் படி.”

“யக்கா, ஆதாரு ரெண்டு காப்பி” என்றார் பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவர்.

“இரு.”

“பஸ்ஸு எடுத்துருவான்க்கா.”

“எடுக்கட்டும்! ஏக்கர்னா என்னா தெரியுமாய்யா உனக்கு?”

“எங்கிட்ட ஏதுக்கா ஏக்கரு? வூட்டுமனையே அண்ணன்கூடக் கேஸ்ல கெடக்குது.”

அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சல்மாவை மறுபடி படிக்கச் சொன்னேன். மனிதர் ஆதாரை மறந்துவிட்டு, “அட! நம்மாளு சொல்றதுதான்” என்றார். மூன்று நாள் ஓட்டுகிற கொல்லை! இங்கிலாந்தில் எவனோ ஒரு குடியானவன், எழுதப் படிக்கத் தெரியாதவன், பக்கத்து வீட்டுக்காரனிடம் ‘என் கொல்லை மூணு நாள் ஓட்டறது’ என்று சொல்லியிருக்கிறான். அதுதான் ஏக்கர். துணைத் தாசில்தார் மேசையில் மேன்மையாக உட்கார்ந்திருந்தது ஒரு மாட்டுக்காரன் பேச்சு.

சல்மாவுக்கும் வேகம் வந்துவிட்டது. “இன்னும் இருக்குக்கா! அதுக்கும் முன்ன, லத்தீன், கிரேக்கு, சமஸ்கிருதம் எல்லாத்துலயும் இதோட சொந்தக்கார வார்த்தைங்க இருக்காம். அதுக்கெல்லாம் வேர் என்னவா இருக்கும்னா... ஓட்டறதுன்னு அர்த்தம் வர்ற ஒண்ணுன்னு நெனக்கறாங்களாம். மாடு ஓட்டற எடம்.”

ஓட்டுவது. மாதம்மாக்கா சொன்ன அதே சொல். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நான்காவது பக்கம், மைலில் எட்டில் ஒரு பங்கான பர்லாங்குக்கானது. சல்மா தானாகவே சேர்த்துப் பிடித்து வந்திருந்தாள், கெட்டிக்காரி. அதற்கும் அதே கதை. ஒரு சாலின் நீளம். மாடு ஒரே மூச்சாக இழுக்கிற தூரம். எங்கள் சித்தப்பா ஒருவர் மொரப்பூரில் இருந்தார். ரயிலைவிட்டு இறங்கி ‘வீடு எவ்ளோ தூரம்’ என்று கேட்டால், “ரெண்டே பர்லாங்குதான், பேசிக்கிட்டே போயிரலாம்” என்பார். பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் தீர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் நடந்த பிறகு வீடு வரும். அந்தப் பர்லாங்குக்குள்ளும் ஒரு மாடு மூச்சிரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யார் கண்டது?

அப்போதுதான் சல்மா கேட்டாள். கதையை ஏற்கனவே அவளிடம் சொல்லியிருந்தேன். “அப்போ நீங்க அன்னிக்கு அடிச்சது சரிதானக்கா? ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர். புக்கே சொல்லுதே.”

ஒரு நிமிஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் தப்பு செய்யவில்லை. புத்தகம் சொல்கிறது. என் தோளிலிருந்து என்னமோ இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியைக் கெடுத்தவர் ஆதார் காப்பிக்கு வந்தவர். சல்மா வேறொரு புத்தகத்திலிருந்து பிடித்து வந்திருந்த பக்கத்தில் கலப்பைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், “இதுல இத்தன மாடு பூட்டியிருக்கு?”

சல்மா படத்துக்குக் கீழே படித்தாள். கனத்த கலப்பை, ஈர மண். எட்டு மாடு வரைக்கும் பூட்டுவார்களாம்.

“நம்மூர்ல ஒரு சோடிதான். அதுவும் கல்லாங்கொல்ல. அர ஏக்கரு ஓட்டுனாலே பெருசு” என்றார் அவர். அரை அரையாக மூன்று நாள் என்றால் ஒன்றரை. கொஞ்சம் சேர்த்தால் ஒன்று அறுபது. அதிகாரி அன்றைக்குச் சொன்னதும் ஒன்று அறுபதுதான். மாதம்மாக்கா சொன்னது சரி. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் மாட்டையும் தங்கள் மண்ணையும் வைத்துச் சொன்ன ஒரு நாளை, பிற்பாடு கோல் வைத்து அளந்து, ஆணியடித்து நிறுத்தி, உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். நான் அந்த ஊர் எட்டு மாட்டின் நாளை எடுத்து இந்த ஊர் இரண்டு மாட்டின் மேல் ஏற்றியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறினேன். மாதம்மாக்கா ஊர் திரும்பிச் சில வருஷங்கள் ஆகின்றன. தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அதேதான். வீட்டு வாசலில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். மலரை நான் சொல்வதற்கு முன்பே பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். யாரோ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ‘இது உங்க ஆயாதான’ என்று வகுப்பில் கேட்டார்களாம். பழைய பெயர் மறுபடி கிளம்பிவிட்டது. இந்த முறை பேத்திக்கு.

நான் ஏக்கரைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“அப்போ வெள்ளக்காரனும் மாடு ஓட்னவந்தானா?”

“ஆமாக்கா.”

“எத்தன மாடு கட்டுவானாம்?”

“எட்டு.”

“எட்டா!” முறம் நின்றது. “மண்ணு அவ்ளோ கெட்டியா, மாடு அவ்ளோ நோஞ்சானா?” சிரித்தார். பல் இரண்டுதான் இருந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. “அந்த ஆபீசருகிட்ட யாராச்சும் இதச் சொன்னீங்களா?”

“சொல்லப்போறேன்க்கா. அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு ஏக்கர்னு அடிச்சது நானு.”

துவரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. “டைப்புக் கடப் புள்ளையா நீயி?” என்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கவில்லை. “நான் அவந்தான் மாத்தி எழுதிட்டான்னு நெனச்சேன், எங்க மூத்தாரு. அவன் சாவுக்குக்கூட நான் போவல.”

கீழே சிந்தியிருந்த துவரையைப் பொறுக்கி முறத்தில் போட்டேன். அக்கா புடைத்து முடித்தார். பிறகு, “வா, காட்றேன்” என்று கொல்லைக்குக் கூட்டிப்போனார். வரப்பு வந்து நிற்கிற இடத்தைக் காட்டினார். அது முன்பு இருந்த இடத்தையும் காட்டினார். அங்கே இப்போது மூத்தாரின் பிள்ளைகள் போட்ட தென்னை நிற்கிறது. மிச்சம் இருப்பதைக் காலால் அளப்பது மாதிரி நடந்து, “ரெண்டு நாளு கூட வராது” என்றார்.

“ஓட்ட மாடு இருக்காக்கா?”

“மாடா? இந்த ஊர்ல ஏரு பூட்ற மாடே இல்ல. டிராக்டரு வரும். பீடி ஒண்ணு குடிக்கறதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிருவான்.” பிறகு சொன்னார், “நாளுக் கணக்கு சொன்னா எம் மவனுக்கே புரியறதுல்ல.”

அந்த அளவு போய்விட்டது. விடியலில் பூட்டி உச்சியில் அவிழ்த்த அந்த நாள், கட்டுத்தறியில் சோடியாக நின்ற மாடு, கரட்டு மண்ணுக்கு ஒரு நாள், மெத்தை மண்ணுக்கு ஒரு நாள் என்று பிரித்துச் சொன்ன வாய்கள், எல்லாம். இங்கிலாந்திலும் போய்விட்டதாம், சல்மா சொன்னாள். அங்கே வார்த்தையாவது மிஞ்சியது. இங்கே அதைச் சொன்னவர் மேல் சிரித்த சிரிப்புதான் மிஞ்சியிருக்கிறது, அதையும் இப்போது அச்சில் ஏற்றியாகிவிட்டது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அக்காவிடம் கேட்டேன், “நான் என்னக்கா பண்ணட்டும்?”

“எழுது. அவன் எழுதுனாப்பல நீயும் எழுது. அவன் எம் பேரப் போடல. ‘ஒரு பெண்மணி’ன்னு போட்டானாமே. நீ பேரப் போடு. மாதம்மான்னு போடு. பொய் சொன்னது அவ இல்லன்னு போடு.”

போட்டுவிட்டேன். அவர் பெயர் மாதம்மாள். அவர் கேட்டது தன் பங்கை மட்டும்தான். மூன்று ஏக்கர் என்ற பொய்யை அந்த மனுவில் அடித்தது என் கை. அவரைப் பார்த்துச் சிரித்தது என் வாய். இதை ஊருக்குத் தெரிய ஒப்புக்கொள்கிறேன். மலர் விற்ற கடைகளில் இந்தக் கட்டுரையின் நகலும் கிடைக்கும், என் மெஷினில் எடுத்ததுதான். பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன்.

இனி நீங்கள், அதிகாரி அவர்களே. என்றைக்கு அளந்தீர்கள்? கல் எங்கே நட்டீர்கள்? அந்தப் பட்டா எங்கே? மாதம்மாளிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். என் கடைக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். நாற்பது பேர் முன்னால் சிரித்தீர்கள், நூற்றைம்பது பிரதியில் மறுபடி சிரித்திருக்கிறீர்கள். பதிலையும் எல்லோரும் படிக்கிற இடத்தில், அவர் பெயரைப் போட்டு, உங்கள் பெயரையும் போட்டு எழுதுங்கள்.